சிநேகபுரத்து நிழல்

விளாத்திகுளத்துக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் கரிசலும் அதற்கு மேலே வானமும் தவிர வேறொன்றும் இல்லாத வெட்டவெளியில், சிநேகபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஊரில் ஒரு நாள்கூடத் தங்கிப் பார்க்காமல்தான் வைத்திருக்க வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு, இரண்டுக்கும் ஒரே ஜாதி, ஒரே வேதம், ஒரே ஊருணித் தண்ணீர், ஆனாலும் மேலத்தெருக்காரன் தும்மினால் கீழத்தெருக்காரன் அது தன்னைப் பார்த்துத் தும்மியது என்பான். அந்த ஊருக்கு முன்பு சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பெரிய வேதக்கோவில் ஒன்று இருந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதத்துப் பகல் பொழுதில், அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கோவில் போயிற்று, நிழல் போகவில்லை.

இடித்த மறுநாள் காலையில் சூரியன் கிளம்பியதும் கோபுரமும் சிலுவையும் முகடுமாக நிழல் மேற்கே நீண்டு கிடந்தது. ஊர் அதைப் பார்த்தது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வெயிலாக இருந்ததால் நிழலுக்குள் போய் நின்றுகொண்டது. ஒரு வாரத்துக்குள் அதற்கு நியாயம் பேசி முடித்துவிட்டார்கள்: காலையில் மேற்கே விழுகிற நிழல் மேலத்தெருவுக்கு, சாயங்காலம் கிழக்கே விழுகிற நிழல் கீழத்தெருவுக்கு, உச்சிப்பொழுதில் பழைய அஸ்திவாரத்துக்குள்ளேயே சுருங்கிக் கிடக்கிற நிழல் யாருக்கும் இல்லை. ஆடுகளை அதில் கட்டினார்கள், நூறு நாள் வேலைக்காரர்கள் அதில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அதில் பாய் விரித்தார்கள், மிளகாய் வற்றல் மட்டும் அதில் காயாது என்று வேறு இடத்தில் போட்டார்கள். எட்டரை மணி பஸ் கோபுரத்து நிழல் ரோட்டைத் தொடும்போது வராவிட்டால் பஸ்தான் தாமதம், நிழல் தாமதமில்லை. சபை மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வந்த மூன்று பேரும் வெயில் தாங்காமல் அந்த நிழலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நுங்கு தின்று, ‘இவ்விடத்தில் கட்டடம் எதுவும் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. நிழலின் முகட்டின்மேல் ஆறு பேர் நின்றார்கள், கையில் கடப்பாரையோடு. சூரியன் நகர நகர அவர்களும் தரையில் நகர்ந்தார்கள், ஓங்கி ஓங்கிக் குத்தினார்கள், முப்பத்தொரு வருஷமாக வேலை முடியாமல் குத்திக்கொண்டே இருந்தார்கள். கரிசல் மண் கறுப்பு என்பதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அப்படி உற்றுப் பார்க்கிற வழக்கம் ஊரில் யாருக்கும் இல்லை. போதாததற்கு அந்த ஆறு பேர் நகர்ந்து போகிற வழி முழுக்க, மேற்கேயும் சரி கிழக்கேயும் சரி, சீமைக்கருவேலத்தை வளரவிட்டிருந்தார்கள். வரப்புக்கு வரப்பு வெட்டிக்கொள்கிற இரண்டு தெருவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த முள்ளை வெட்டக்கூடாது என்பதுதான்.

தெபோராள் அந்த ஊருக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கியது ஒரு தை மாதத்துக் காலை. தூத்துக்குடியில் கல்யாணப் போட்டோ எடுக்கிறவள், வயது முப்பத்தொன்பது, முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் கரிசல்காட்டில் அலைந்து இடிந்த வேதக்கோவில்களையும் ஜமீன் பங்களாக்களையும் பருத்திக் கிட்டங்கிகளையும் படம் பிடிப்பது அவளுக்குப் பைத்தியம். வௌவால் குடியிருந்த நூற்றுநாற்பது கோவில்களை எடுத்திருந்தாள். எட்டு வயதில் போனவள் இந்த ஊர்ப் பக்கம் மட்டும் திரும்பி வந்ததில்லை, ஏனென்றால் அவள் அப்பா மாசிலாமணி இந்த ஊர்க் கோவில்குட்டி. மணி அடித்து, பெஞ்சு துடைத்து, விளக்கேற்றிக்கொண்டு இருந்தவர். கோவிலை இடித்தது அவர்தான் என்று ஊர் எழுதிக் கொடுத்திருந்தது.

நடந்தது இதுதான். பண்டிகைக்கு ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தில் முதல் பந்தி எந்தத் தெருவுக்கு என்று தகராறு வந்தது. ஒரு வருஷம் உனக்கு, ஒரு வருஷம் எனக்கு என்று ஐந்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம். பின்னால் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்கிற ஊர் அது. எனக்கில்லாத கோவில் உனக்கும் வேண்டாம் என்று இரண்டு தெருவும் சேர்ந்தே முடிவு செய்து, மாசிலாமணி மணிக்கயிறு வாங்க விளாத்திகுளம் போயிருந்த பகலில் ஏறி இடித்துவிட்டது. அவர் புதுக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது கயிறு கட்ட மணியும் இல்லை, மணி தொங்கக் கோபுரமும் இல்லை. ஒற்றை ஆள் எப்படி இவ்வளவு பெரிய கோவிலை இடிப்பான் என்று விசாரணைக்காரர்கள் கேட்டதற்கு, “எந்தக் கல்லு ஆடுதுன்னு கோவில்குட்டிக்குத்தானய்யா தெரியும்” என்றார்கள் ஒரே குரலாக. அவர் வெளியூர்க்காரர், எந்தத் தெருவும் இல்லை, அவருக்காகப் பேச ஆளும் இல்லை. சபையை விட்டு நீக்கிப் பெயரை அடித்தார்கள்.

அன்றிலிருந்து மாசிலாமணி திருவிருந்து எடுக்கவில்லை. தூத்துக்குடியில் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முன்னால் போகும்போது எழுந்து வெளியே வந்து செருப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருப்பார். அங்கிருந்த பாதிரிமார், ஊர் வழக்கில் ஐயர்மார், பலர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். “நீக்குனது சிநேகபுரம் சபை. அதுதான் எழுதித் தரணும். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா ஐயரே” என்று விடுவார். இப்போது எழுபத்தொன்பது வயது, நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கியது, டாக்டர் நாள் குறிக்காத குறையாகப் பேசினார். சாவதற்கு முன்னால் ஒரு தடவை திருவிருந்து எடுக்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்ன அன்றைக்குத்தான் தெபோராள் ஸ்கூட்டரை எடுத்தாள்.

டீக்கடையில் அவளைப் பார்த்ததும் மேலத்தெருப் பெரியவர் அருமைநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரும்மா நீ? என்ன வேணும்?”

“மாசிலாமணி மக. எங்க அப்பாவுக்கு சபையில இருந்து ஒரு கடுதாசி வேணும். கோவிலை அவரு இடிக்கலன்னு.”

“அப்போ யாரு இடிச்சா? நீயே சொல்லு.”

“உங்களுக்குத் தெரியும்லா.”

அருமைநாயகம் சிரித்தார். எதிர் பெஞ்சில், அவரோடு இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கீழத்தெருப் பெரியவர் தங்கப்பழம், சாய்ந்த தோளும் கூன் முதுகுமாக உட்கார்ந்திருந்தவர், அதே சிரிப்பைச் சிரித்தார். “கேமராவைத் தூக்கிட்டு வந்த வழியே போயிரு தாயி. இந்த ஊர்ல போட்டோ எடுக்க ஒண்ணும் இல்ல” என்றார் அவர். கடைக்காரர் அவளுக்கு டீ போடவில்லை. ஸ்கூட்டரிடம் வந்து பார்த்தால் இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. ஏழு கிலோமீட்டர் வெயிலில் தள்ளிக்கொண்டு போனாள், போகிற வழியெல்லாம் ஆத்திரத்தில் அழுதுகொண்டே போனாள்.

ஆனால் அவள் கண் போட்டோக்காரியின் கண். தள்ளிக்கொண்டு போகும்போதே முகட்டு நிழலில் அசைகிற ஆறு பேரையும் பார்த்துவிட்டாள், கறுப்பு மண்ணில் எந்தக் கேமராவும் அவர்களைப் பிடிக்காது என்பதையும் பார்த்துவிட்டாள், ஆட்டுக்காரர்கள் போய்வர முள்காட்டை ஊடறுத்துக்கொண்டு ஒரே ஒரு வண்டிப்பாதை கிடப்பதையும், ஒன்பது மணிக்கு முகட்டு நிழல் அதைக் கடப்பதையும் பார்த்துவிட்டாள். விளாத்திகுளத்தில் பந்தல்காரர் முத்துக்காளையிடம் போய் இருபது முழ அகலத்தில் ஒரு வெள்ளைத் துணி வேண்டும் என்றாள். “கல்யாணமா, கருமாதியா?” என்று கேட்டார் அவர். “ரெண்டும் இல்லண்ணே” என்றாள்.

மூன்றாம் நாள் காலை வண்டிப்பாதையில் துணியை விரித்து நாலு மூலையிலும் கல்லை வைத்துக் காத்திருந்தாள். ஊருக்குச் சேதி போய், கம்பும் கல்லுமாக ஓடிவந்தார்கள். “துணியைச் சுருட்டுட்டீ!” என்று ஒருத்தர் கத்தினார். ஒரு கல் அவள் தோளில் பட்டது, இன்னொருவர் கேமரா நின்ற முக்காலியை எட்டி உதைத்தார், அவள் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது. முகட்டு நிழல் வெள்ளைத் துணிமேல் ஏறியது, அதன் பின்னால் ஆறு பேரும் ஏறினார்கள், ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது.

வெள்ளையில் எல்லாம் தெரிந்தது. தலையில் உருமால் கட்டியவர், காலைச் சாய்த்து ஊன்றியவர், வேட்டியை மடித்துக் கட்டியதில் ஒரு முனை தொங்குகிறவர். மூன்று பேர் மேலத்தெரு, மூன்று பேர் கீழத்தெரு. கடப்பாரை ஒரு தெருக்காரன் கையிலிருந்து மறு தெருக்காரன் கைக்கு மாறி மாறிப் போயிற்று. நிழலுக்கு முகம் கிடையாது என்று யார் சொன்னது, சொந்தக்காரர்களுக்கு முதுகே போதும். “அது எங்கய்யால்லா” என்று ராஜகனி என்கிற பெண் வாய்விட்டுச் சொன்னாள், சொல்லிவிட்டு வாயைப் பொத்தினாள். ஆறு பேரில் நாலு பேர் செத்துவிட்டார்கள். மீதி இரண்டு பேர் துணிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் முப்பது வயதில் கடப்பாரை பிடித்திருந்த தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்: அருமைநாயகம், தங்கப்பழம்.

தெபோராள் கேமராவைத் தூக்கினாள், எட்டுப் படம் எடுத்தாள்.

அப்புறம் பேரம் சீக்கிரமே முடிந்தது. கார்டைக் கொடு, கடுதாசி தருகிறோம் என்றார்கள். கொடுக்காவிட்டால் அவளும் கேமராவும் ஊர் எல்லையைத் தாண்டப்போவதில்லை என்பதையும் சொன்னார்கள். அவளுக்கு வேண்டியது கடுதாசி, அப்பாவுக்கு இருந்ததோ சில நாள். கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். அருமைநாயகம் அதை டீக்கடைக்குக் கொண்டுபோய்க் கொதிக்கிற வெந்நீர் பாய்லருக்குள் போட்டார். சபைக் காரியம் பார்க்கிற உபதேசியார் சபைத் தாளில் எழுதி, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டினார். “உன் துணியை எடுத்துட்டுப் போட்டீ” என்று ஸ்கூட்டர்மேல் சுருட்டி எறிந்தார் ஒருத்தர். துணியை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, போகிற வழியில் முத்துக்காளையிடம் போட்டுவிட்டுப் போனாள்.

மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடுதாசியைப் படித்தார். மறுபடியும் துடைத்துப் படித்தார்.

“என்னப்பா?”

“மன்னிச்சுட்டாங்களாம்.”

“எது?”

“கோவிலை இடிச்ச பாவத்தை சபை கிறிஸ்துவுக்குள் மன்னிச்சு என்னைத் திரும்பச் சேத்துக்கிடுதாம். கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கு.” கடுதாசியை நாலாக மடித்தார். “இதை வச்சு நான் அப்பம் வாங்குனா, நான்தான் இடிச்சேன்னு ஒத்துக்கிட்டதால்லா ஆகும்? இதைக் கொண்டு போய் அடுப்புல போடு பிள்ள.”

தெபோராளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையில் இருந்த உண்மையைக் கொடுத்துவிட்டு ஒரு பொய்யை உறையில் போட்டு வாங்கி வந்திருக்கிறாள். அப்பாவுக்குத் துரோகம் செய்தது அந்த ஊர் பாதி, தான் பாதி என்று நினைத்தாள், பல நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே கஞ்சி கொடுத்தாள்.

சிநேகபுரத்திலோ ஒரே கொண்டாட்டம். மறுநாள் காலையிலிருந்து முகட்டு நிழல் வெறிச்சென்று கிடந்தது, ஆறு பேரில் ஒருத்தரையும் காணோம். கார்டு வெந்தது, பீடை போயிற்று என்று இரண்டு தெருவும் சொல்லிக்கொண்டது. இனி எதற்கு முள் என்று சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டார்கள்.

ஆறு பேரும் துணியில் இருந்தார்கள். முத்துக்காளை துணியைப் பிரித்தபோது பழைய டீக்கறை நிறத்தில் ஆறு உருவமும் பதிந்திருந்தன. சவுக்காரம் போட்டார், பிளீச்சிங் பவுடர் போட்டார், நீலம் போட்டார். துணி வெளுத்தது, ஆட்கள் இன்னும் தெளிவானார்கள். முகூர்த்த மாசத்தில் நல்ல துணியை வீணாக்க முடியுமா என்று பந்தலின் உச்சியில் கட்டிவிட்டார். அவர் பந்தல் போகாத ஊர் அந்த வட்டாரத்தில் கிடையாது. நாகலாபுரத்தில் ஒரு சடங்கு வீடு, குளத்தூரில் ஒரு கல்யாணம், வேம்பாரில் ஒரு துக்க வீடு என்று ஆறு பேரும் ஊர் ஊராகப் போனார்கள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். துணிக்குக் கறை வருவது சகஜம் என்பதால் யாரும் திகைக்கவில்லை, ஆனால் யார் எவர் என்று மட்டும் பேசினார்கள். “இந்தச் சாய்ஞ்ச தோளு சிநேகபுரம் தங்கப்பழம்லா?” “ஆமா, கடப்பாரையோட எங்க ஏறி நிக்காரு?” “கோவில் முகட்டுல வே. சிலுவை தெரியுதா இல்லையா?” மாசி முடிவதற்குள் சிநேகபுரத்தைத் தவிர எல்லா ஊருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

பங்குனி அசனத்துக்கு எப்போதும் போல முத்துக்காளைதான் பந்தல் போட்டார். மேகம் மூடியிருந்ததால் உச்சியில் கட்டிய அதே துணியை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஐயர் ஜெபம் பண்ணி முடித்தார். ஆட்டுக்கறிக் குழம்பும் கத்தரிக்காய்க் கூட்டும் மணக்க மணக்க, இலை போட்டு, சோறும் வைத்தாயிற்று. அந்த வருஷம் முதல் பந்தி மேலத்தெருவுக்கு. அவர்கள் உட்காரப் போகும்போது மேகம் விலகி வெயில் அடித்தது. துணிக்குள்ளிருந்து ஆறு பேரும் இறங்கி இலைகளில் சோற்றின் மேல் விழுந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஊரில், சோற்றிலேயே அது முளைத்துவிட்டது.

மேலத்தெருக்காரர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். “இந்த வருஷம் கீழத்தெருவே உக்காரட்டும்” என்றார் அருமைநாயகம், பெருந்தன்மையாக. “முறை உங்களுது. நாங்க முறை தவற மாட்டோம்” என்றார் தங்கப்பழம், இருபது வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தையாக. நீங்கள் உட்காருங்கள், நீங்கள் உட்காருங்கள் என்று ஒரு மணி நேரம் உபசாரம் நடந்தது. துணியை அவிழ்க்கச் சொன்னதற்கு, அசனம் முடியாமல் பந்தலைப் பிரித்தால் பந்தல்காரன் குடும்பத்துக்கு ஆகாது என்று முத்துக்காளை கையைக் கட்டிக்கொண்டார். விருந்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பதும் அருமைநாயகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். எந்த முதல் பந்திக்காக ஒரு கோவிலை இடித்தார்களோ, அந்த முதல் பந்தியில் உட்கார ஆள் இல்லை. அண்டா அண்டாவாகக் குழம்பு ஏடு கட்டியது. வழக்கப்படி முதல் பந்தி எழுந்திரிக்காமல் வேறு யாரும் ஒரு பருக்கை தொடக்கூடாது, பிள்ளைகள் பசியில் அழுதன.

கடைசியில் ராஜகனிதான் கத்தினாள். “அந்த மனுசனைக் கூட்டிட்டு வாங்க. இந்தச் சோத்துல உக்கார இனி அவருக்கு மட்டுந்தான் யோக்கியதை இருக்கு.”

தூத்துக்குடிக்கு வேன் போயிற்று. வேன் திரும்பி வர மூன்று மணி ஆயிற்று; தெபோராள் கேமராவை மாட்டிக்கொண்டு அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அவள் தோளில் கல் பட்ட இடத்தில் தழும்பு இருந்தது, அதைப் பார்க்க முடியாமல் சிலர் தரையைப் பார்த்தார்கள். மாசிலாமணி பந்தல் வாசலில் நின்றார், மேலே ஒருமுறை பார்த்தார். உள்ளே வரவில்லை.

“முதல்ல கடுதாசியை எழுதி வாசிங்க” என்றார்.

“சாப்பிட்டுட்டு எழுதிக்கிடுவோமே” என்றார் அருமைநாயகம்.

“வாசிங்க. அப்புறம் சாப்பிடுதேன்.”

உபதேசியார் எழுதினார், அருமைநாயகமும் தங்கப்பழமும் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள், ஐயர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: கோவிலை மாசிலாமணி இடிக்கவில்லை, நாங்கள் இடித்தோம், இரண்டு தெருவும் சேர்ந்து இடித்தோம், அவர்மேல் பொய் சொன்னோம். அந்த வெட்டவெளியில் குரல் ரொம்ப தூரம் போயிற்று. மாசிலாமணி தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, தானும் ஒரு தடவை படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை செருப்பு அடுக்க வேண்டிய வேலை அவருக்கு இல்லை.

பிறகு உள்ளே வந்து முதல் பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்தார். ஒற்றை ஆளாக உட்கார்ந்தார். இரண்டு தெருவும் சுற்றி நின்று பார்க்க, ஆறு பேர் நிழலும் விழுந்த சோற்றைப் பிசைந்து, மூச்சு வாங்கும்போது நிறுத்தி, வாங்கிய பின் தொடர்ந்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். தெபோராள் கேமராவைக் கண்ணில் வைத்தாள், இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

அருமைநாயகம் வாளியோடு பக்கத்தில் குனிந்தார். ரசம் ஊற்றினார்.

“அண்ணாச்சி, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

மாசிலாமணி ரசத்தைக் கையால் அள்ளிக் குடித்து முடித்தார். நிமிர்ந்து அருமைநாயகத்தைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் நின்ற தங்கப்பழத்தைப் பார்த்தார், பசியோடு நின்ற ஊரையும் பார்த்தார்.

“மோர் இருக்கா?” என்றார்.